முப்பத்தொன்பதிலேயே நின்றவர்கள்

1895 ஏப்ரல் 3. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறிய எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட், தன் வயது 39 என்று தன் வக்கீல் சர் எட்வர்ட் கிளார்க்கிடம் சொன்னார். அடுத்து குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்ட் கார்சன் எழுந்தார். வைல்டுக்கு ஆண்களோடு இருந்த தொடர்புகள் பற்றி ஊரையே உலுக்கும் குற்றச்சாட்டுகள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன. ஆனாலும் அவர் முதலில் கைவைத்தது வயதில்தான். 1854 அக்டோபர் 16இல் பிறந்தவருக்கு இன்னும் 40 ஆகவில்லையா? இளைஞனாகக் காட்டிக்கொள்ளும் ஆசை தனக்கு இல்லை என்றார் வைல்ட். 39ஓ 40ஓ இருக்கும், சான்றிதழ்தான் உங்களிடம் இருக்கிறதே என்று மழுப்பினார். கார்சனுக்குச் சான்றிதழ்கூட வேண்டியதில்லை. அவரும் அதே 1854இல் டப்ளினில் பிறந்தவர், டிரினிட்டி கல்லூரியில் வைல்ட் படித்த காலத்திலேயே படித்தவர். கூடப் படித்தவனிடம் வயதைக் குறைத்துச் சொல்லித் தப்ப முடியுமா?

அந்த நேரத்தில் வைல்டின் புது நாடகம் லண்டனில் ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 14இல்தான் அரங்கேறியிருந்தது. முப்பத்தைந்திலேயே ஆண்டுக்கணக்காக நின்றுவிட்ட சீமாட்டிகளைக் கேலி செய்யும் இடம் ஒன்று அதில் உண்டு. அவருடைய தாயார் ஜேன் வைல்டும் 1821இல் பிறந்துவிட்டு, 1826 என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். குடும்ப வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். கார்சன் அன்று நீதிமன்றத்தில் குடைந்து குடைந்து கேட்ட நாவலோ, வயதே ஏறாத ஓர் அழகனின் கதை.

இந்த வயது விவகாரத்தைக் கார்சனின் சாமர்த்தியத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். எனக்கு அங்கேதான் வேலை. காரணத்தைச் சொல்கிறேன். எனக்கு வயது 58. ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் போட்ட தேதிப்படி 57. கிழக்கு லண்டனில் வெகுகாலமாகத் தனியாக இருப்பவன். பணம் கொடுத்து ஆண்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என்னைப் போன்ற ஆண்கள் நாலு பேர் கூடி எஸ்கார்ட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு புகார் தவறாமல் வந்துவிடும். விளம்பரத்தில் 28 என்று போட்டிருந்தான், கதவைத் திறந்தால் 40, படமெல்லாம் பத்து வருடம் பழசு. எல்லாரும் தலையாட்டுவார்கள். புகார் சொல்பவர் போனில் தன் வயதை எத்தனை என்று சொன்னார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. லண்டனில் இந்தத் தொழிலின் பழைய ஆவணங்களைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான்: வயதுப் பொய்யை ஆரம்பித்து வைத்தவர் விற்றவர் அல்ல. வாங்கியவரும் சட்டமும் சேர்ந்து ஆரம்பித்ததை அவர் பின்னால் வந்து பிடித்துக்கொண்டார்.

வைல்ட் வழக்கையே பாருங்கள். குவீன்ஸ்பெரி பிரபு மீது அவர் போட்ட அவதூறு வழக்குத்தான் அவர் மீதே திரும்பியது. ஆல்பிரட் டெய்லர் என்பவர் மூலம் வைல்டுக்கு அறிமுகமானவன் சார்லஸ் பார்க்கர், வேலையில்லாமல் திரிந்த ஒரு பணியாள். சவாய் ஹோட்டலில் முதல் தடவை தனக்கு 2 பவுண்டு கிடைத்ததாகப் பின்னால் சாட்சி சொன்னான். வேறொரு கனவானை மிரட்டிப் பறித்த பணத்தில் தன் பங்கு 30 பவுண்டு என்பதையும் ஒத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் உண்மையான வருமானம் மிரட்டலில்தான் இருந்தது. பார்க்கருக்கு என்ன வயது என்று கார்சன் கேட்டபோது, தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துவதில்லை என்கிற பாணியில் பதில் சொன்னார் வைல்ட். சபை சிரித்திருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால், பணம் கொடுத்தவர் எதிராளியின் வயதைக் கேட்கவே இல்லை, தன் வயதையோ குறைத்துச் சொன்னார். கேட்காத வயதில் பார்க்கர் எங்கே போய்ப் பொய் சொல்வான்? வைல்ட் வழக்கில் பெயர் அடிபட்டவர்களில் விடலைப் பையன்களும் உண்டு. அதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. அங்கே வயது என்பது நாசூக்குப் பிரச்சினை அல்ல, குற்றம். நான் பேசுவது வளர்ந்த ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட பொய்யை.

விற்றவர் பக்கத்துக் குரல் ஒன்று அபூர்வமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜாக் சால். 1857இல் டப்ளினில் பிறந்து லண்டனுக்கு வந்து இதையே தொழிலாகக் கொண்டவர். 1889இல் கிளீவ்லண்ட் தெருவில் ஹாமண்ட் என்பவர் நடத்திய ஆண் விபசார விடுதி பிடிபட்டது. அங்கே வந்துபோனதாக யூஸ்டன் பிரபுவின் பெயரை அச்சிட்ட பத்திரிகை ஆசிரியர் எர்னஸ்ட் பார்க் மீது அவதூறு வழக்கு. 1890 ஜனவரியில் பத்திரிகை ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல வந்தார் சால். அப்போது அவருக்கு 32. இந்தத் தொழிலில் அது கிழவன் வயது. தபால் துறையில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் பையன்களை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, தன்னைத் தெருவில் அலைய விடுகிறாரே என்று விடுதிக்காரர் ஹாமண்டிடம் சண்டை போட்டதாகப் போலீஸிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் வருகிறது. தன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது தனக்கே தெரியும் என்ற தொனி அதில் இருக்கிறது. பிழைப்புக்கு வீடு துடைக்கும் வேலையும் செய்துகொண்டிருந்தார். பிரபு சொன்னதை நம்பிய நீதிமன்றம் சாலை நம்பவில்லை. நீதிபதி அவரை அருவருப்பானவர் என்றே சொன்னார், ஆசிரியருக்கு 12 மாதச் சிறை. எனக்கென்னவோ அந்த நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னவர் சால் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. வைல்ட் 1900இல் பாரிஸில் இறந்தார், சால் 1904இல் டப்ளினில். இரண்டு பேருக்கும் வயது 46.

அடுத்த தலைமுறையில் வயதைக் கேட்கும் தேவையே இல்லாத ஒரு ஏற்பாடு லண்டனில் கொடிகட்டிப் பறந்தது. அரண்மனைக் காவல்படை வீரர்கள். ஹைட் பார்க்கிலும், பாசறைகளைச் சுற்றியிருந்த மதுக்கடைகளிலும் சம்பளம் போதாத சிப்பாய்கள் கனவான்களுக்காகக் காத்திருந்தார்கள். சிவப்புச் சீருடையே சான்றிதழ். உயரம், உடற்கட்டு, ஓரளவுக்கு வயது எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டது. (அரசாங்கத்தின் பொறுக்கலும் அப்படியொன்றும் சுத்தமல்ல. முதல் உலகப் போரில் வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.) எழுத்தாளர் ஜே. ஆர். ஆக்கர்லி தன் நினைவுக் குறிப்பில் இந்த உலகத்தைக் கொஞ்சமும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காலாட்படைக் காவலருக்கு ஒரு பவுண்டு, குதிரைப்படைக்காரருக்கு அதைவிடக் கூடுதல். இவர்தான் இந்தியாவில் சத்தர்பூர் மகாராஜாவிடம் வேலை பார்த்துவிட்டு வந்து 1932இல் ஒரு புத்தகம் எழுதியவர். ஆக்கர்லியின் அப்பா வாழைப்பழ வியாபாரத்தில் பணம் சேர்த்த பெரிய மனிதர். அவரே இளமையில் காவல்படைச் சிப்பாயாக இருந்தவர். அப்போது ஒரு பணக்காரப் பிரபு அவரிடம் காட்டிய அன்பு எப்படிப்பட்டது என்று மகன் துருவித் துருவித் தேடினார். உறுதியான விடை கிடைக்கவில்லை. 1967இல் ஆக்கர்லி இறந்து, மறு வருடம்தான் புத்தகம் வந்தது. விற்பனைக்கு நிற்கும் இளைஞனை வாங்குபவன் ஒரு உருவமாகப் பார்க்கிறான். அந்த இளைஞனுக்கும் ஐம்பது வயதாகும், தொப்பை விழும், மகன் பிறப்பான் என்பது வாங்குபவனின் கணக்கில் வருவதே இல்லை. ஆக்கர்லிக்கு அது சொந்த வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

1967இல்தான் சட்டமும் மாறியது. 1957இன் வுல்ஃபெண்டன் அறிக்கை சொன்னதை அரசு பத்து வருடம் கழித்துக் காதில் வாங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 தாண்டிய இரண்டு ஆண்கள் தனிமையில் கூடுவது குற்றமில்லை என்றானது. மூன்றே வருடத்தில், 1970இல், மற்ற பெரும்பாலானவற்றுக்கு மேஜர் வயது 18 ஆனது. ஓட்டுப் போடலாம், கல்யாணம் செய்யலாம், கடன் வாங்கலாம். இதற்கோ 21 என்ற வேலி 1994 வரை இருந்தது. விளைவு என்ன? இருபது வயது இளைஞன் ஒன்றைக் கூட்டிச் சொன்னான், முப்பத்தைந்து வயதுக்காரன் பத்தைக் குறைத்துச் சொன்னான். ஒருவனுக்குச் சட்டத்தின் பயம், மற்றவனுக்குச் சந்தையின் பயம். இரண்டு பக்கமிருந்தும் வந்து எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயதில் கூடினார்கள்.

அதே காலத்தில் விளம்பரம் கொடுப்பதே அபாயமாக இருந்தது. ‘இன்டர்நேஷனல் டைம்ஸ்’ என்ற மாற்றுப் பத்திரிகை, ஆண்கள் ஆண்களைத் தேடும் சிறு விளம்பரங்களைத் தனிப்பகுதியாக வெளியிட்டது. பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்தார்கள் என்று வழக்கு. 1972இல் பிரபுக்கள் சபை வரை போயும் அந்தத் தண்டனை நிலைத்தது. செயல் குற்றமில்லை, அதற்கு ஆள் தேடி அச்சில் போடுவது குற்றம். சொந்தப் பெயர், முகம், முகவரி எதையும் தர முடியாத இரண்டு வரி விளம்பரத்தில் வயது ஒன்றுதான் எண்ணாக நின்றது. சரிபார்க்க வழியே இல்லாத ஓர் எண்ணை நம்பித்தான் ஒருவரை ஒருவர் தேடினார்கள். அதில் யாராவது உண்மை எழுதினால்தான் ஆச்சரியம்.

பிறகு இலவசப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்கள் வந்தன, மசாஜ் என்ற முக்காட்டோடு. 1999இல் லண்டன்வாழ் தென்னாப்பிரிக்க ஜோடி ஒன்று தொடங்கிய, ஆண்கள் ஆண்களைத் தேடும் கேடார் இணையதளம் வந்தது. வயது வரம்பு போட்டு ஆளைத் தேடலாம் என்ற வசதி ஒரு காரியம் செய்தது. 30இலிருந்து 39 வரை என்று ஒருவர் தேடினால், நாற்பதாவது பிறந்தநாள் கொண்டாடியவன் அன்றிரவே திரையிலிருந்து மறைந்துவிடுவான். ஆகவே 39. மறு வருடமும் 39. எனக்குத் தெரிந்த எஸ்கார்ட் ஒருவர் இருந்தார், ரொம்ப நிதானமான மனிதர். விளம்பரத்தில் அவருக்கு 39, உண்மையில் 46. “அது என் வயசு இல்லை சார், நான் உட்கார்ந்திருக்கிற ரேக்” என்பார். அவர் எந்த ஊர்க்காரர் என்பது வேண்டாம், தமிழ் பேசுவார் என்பது மட்டும் போதும். வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் போனில் ஐம்பது என்று சொல்லிவிட்டு அறுபதாக வந்து நிற்பதை அவர் ஒருபோதும் ஏமாற்று என்று சொன்னதில்லை. அவரை அப்படிச் சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு.

வாங்குபவர்கள் உண்மைக்குப் பணம் கொடுப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ட்ரெவன் லோகன் இந்த விளம்பரங்களையே தரவாக எடுத்து ஆராய்ந்தார். 2010இல் அமெரிக்கச் சமூகவியல் இதழில் கட்டுரை, 2017இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாகப் புத்தகம். கட்டான உடம்புக்குக் கூடுதல் கட்டணம், பருமனுக்குக் குறைவு என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. மனிஷா ஷாவோடு சேர்ந்து அவர் காட்டிய இன்னொன்றுதான் முக்கியம்: முகம் தெரியும் படத்தைப் போட்டவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சட்டவிரோதமான தொழிலில் முகத்தைக் காட்டுபவன் தன்னைப் பணயம் வைக்கிறான், அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. முகத்தைக் காட்டிவிட்டால் வயதைப் பெரிதாக ஏய்க்க முடியாது. பக்கத்தில் என்ன எண் போட்டாலும் பார்ப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். ஜாக் சாலின் முகம் அவருக்கு எதிராக நின்றது. நூறு வருடம் கழித்து அதே முகம் ஒருவனுக்கு வருமானம் கூட்டித் தருகிறது. இந்தக் கூட்டத்தில் நரைத்த தாடியை மறைக்காமல் போடும் ‘டாடி’களும் வந்து சேர்ந்தார்கள், ஐம்பது என்று எழுதி அதற்கென்றே வரும் ஆட்களைப் பிடித்தவர்கள்.

2015 ஆகஸ்ட் 25இல் நியூயார்க்கில், இப்படிப்பட்ட விளம்பரங்களை வெளியிட்டுவந்த ரெண்ட்பாய் இணையதளத்தின் அலுவலகத்துக்குள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை புகுந்தது. நிறுவனர் ஜெஃப்ரி ஹுரண்ட்டுக்கு 2017இல் ஆறு மாதச் சிறை. 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் வந்த புதுச் சட்டம், பிறர் போடும் பாலியல் தொழில் விளம்பரங்களுக்கும் இணையதளத்தைப் பொறுப்பாளியாக்கியது. இங்கிலாந்தில் இரண்டு வளர்ந்தவர்கள் பணத்துக்குக் கூடுவது குற்றமில்லை. தெருவில் நின்று அழைப்பது, விடுதி நடத்துவது போன்றவைதான் குற்றம்.

இங்கே வேறொன்று நடந்தது. 2025 ஜூலை 25 முதல், ஆபாசப் படங்கள் உள்ள தளங்களுக்குள் நுழைய பிரிட்டனில் பார்ப்பவர் தன் வயதை நிரூபித்தாக வேண்டும். அடையாள அட்டை தரலாம், அல்லது முகத்தைக் கேமராவுக்குக் காட்டினால் மென்பொருள் வயதை மதிப்பிடும். வாங்குபவன் முகத்தை வைத்து அவன் வயதைக் கேட்டது இந்தத் தொழிலின் வரலாற்றில் அநேகமாக இதுதான் முதல் தடவை. அறுபதைத் தாண்டிய என் நண்பர் ஒருவர் காலரைச் சரிசெய்துகொண்டு முகத்தைக் காட்டினார். உள்ளே விட்டது. எத்தனை என்று மதிப்பிட்டது என அதில் எங்கேயாவது பார்க்க முடியுமா என்று அன்று மாலையே எனக்குப் போன் செய்து கேட்டார். 18 தாண்டியவர் என்று மட்டும்தான் சொல்லும் என்றேன். பாஸ்போர்ட்டைக் காட்டாமல் முகத்தைக் காட்டியதே அதற்காகத்தான் என்று அலுத்துக்கொண்டார்.