ஆர்தர் ஆஸ்போர்ன்: தீட்சையும் விடுதலையும்

ஆர்தர் ஆஸ்போர்ன் (1906–1970) இரமண மகரிஷியின் போதனைகளை உலகறியச் செய்த ஆங்கில எழுத்தாளர். முதலில் அவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே கெனோனைப் பின்பற்றினார். கெனோன் 1927இல் வெளியிட்ட ‘நவீன உலகின் நெருக்கடி’ நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மதங்களின் மூல உண்மை ஒன்றே. ஆயினும் மரபுவழித் தீட்சையின்றி ஆன்மிக விடுதலை கைகூடாது என்பது கெனோனின் கொள்கை.

இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமணரோ சடங்குமுறைத் தீட்சை அளிக்கவில்லை. ‘நான்’ என்னும் உணர்வு எங்கிருந்து எழுகிறது என்று விசாரிக்கவே சொன்னார்.

இரண்டாம் உலகப்போரின்போது ஆஸ்போர்ன் தாய்லாந்தில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இருந்தார். அவர் குடும்பம் திருவண்ணாமலையில் இருந்தது. 1945இல் அங்கு வந்தவர், இரமணரின் மௌனப் பார்வையையே தீட்சையாக ஏற்றார். துறவோ மதமாற்றமோ இன்றி இல்லறத்தாரும் இவ்வழியில் விடுதலை பெறலாம் என எழுதினார். 1964இல் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கினார்.