எண் இடுபவரின் அதிகாரம்

பிட்காயினுக்குச் சாசனம் கிடையாது. அதன் விதிகளை மாற்ற விழைவோர் எழுதும் ஆவணத்துக்கு 'மேம்பாட்டு முன்மொழிவு' என்று பெயர். 2011 ஆகஸ்டில் இவ்வடிவத்தை வகுத்த அமீர் தாக்கி, பைத்தான் நிரல்மொழிச் சமூகத்தின் முறையைப் பெருமளவு அப்படியே எடுத்தாண்டார். ஆனால் பைத்தானில் 2018 வரை இறுதி முடிவு அதைப் படைத்த கைடோ வான் ரோசமுடையதாக இருந்தது. பிட்காயினைப் படைத்த சதோஷி நகமோட்டோவோ அதற்குள் ஒதுங்கிவிட்டார். ஆவண வடிவம் வந்து சேர்ந்தது, தீர்ப்பவரின் இருக்கை வெறுமையாயிற்று.

பதிப்பாசிரியர் வடிவத்தைச் சரிபார்த்து எண் இடுவார். ஏற்பதும் மறுப்பதும் அவர் பணியன்று. எனினும் எண் பெற்றதைச் சட்டமென மயங்குவோர் உண்டு. 2017இல் மைனிங் செய்வோர் 141ஆம் முன்மொழிவுக்கு இசையத் தயங்கினர். இசைவு காட்டாத பிளாக்குகளை ஆகஸ்ட் 1 முதல் பயனர் கணினிகளே நிராகரிக்கட்டும் என்றது 148. அதே நாளில் பிட்காயின் கேஷ் தனியே பிரிந்தது. அம்மாதமே 141 நடைமுறைக்கு வந்தது. பிளாக்கின் அளவைப் பெருக்கக் கோரி, பின்னர் கைவிடப்பட்ட 101உம் அத்தொகுப்பில் இன்றும் இருக்கிறது. ஆவணக்காப்புக்கு அதுவே அழகு என்பேன்.

2024 ஏப்ரலில் பதிப்பாசிரியர்களாக மேலும் ஐவர் சேர்க்கப்பட்டனர். வெறும் எழுத்தர் பணி எனப்பட்ட அதற்கு ஆள் தேர வாரக்கணக்கில் விவாதம் நடந்தது.