கள்ளத் தண்டியாவின் இரண்டாம் கரை

ஒரு மீனுக்கு எல்லை வகுப்பது யார்? வரைபடத்தில் நிழலிட்டுக் காட்டப்படும் பரப்பைப் பார்த்து 'இந்த மீன் இங்கே வாழ்கிறது' என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த நிழல் நமக்குச் சொல்வது இன்னொன்று: 'இங்கே ஒருவர் வலை போட்டுப் பார்த்தார்; இந்த மீன் கிடைத்தது.' நிழல் முடியும் இடத்தில் மீனும் முடிந்துவிட்டதா, தேடியவரின் கால் ஓய்ந்துவிட்டதா என்பதை வரைபடம் ஒருபோதும் சொல்வதில்லை. இலங்கைக்கே உரியது என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்பப்பட்ட ஒரு சிறு மீன் கேரளத்தின் காயலோரத்தில் அகப்பட்ட கதை, இந்த வேறுபாட்டை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

மீனின் பெயர் ஹொரதண்டியா. முழு வளர்ச்சி அடைந்த நிலையிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. பசுமை கலந்த, ஒளி ஊடுருவும் உடல். இலங்கையின் தென்மேற்குக் கரையோரத் தாழ்நிலங்களில், நீர்ச்செடிகள் அடர்ந்த வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் சதுப்புகளிலும் கூட்டமாக வாழ்வது. 1943இல் இதற்கு அறிவியல் உலகில் இடம் பெற்றுத் தந்தவர் பி.ஈ.பி. தெரணியகல. இலங்கைத் தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநராக 1939 முதல் 1963 வரை இருந்தவர். தொல்லுயிர் எச்சங்கள், ஊர்வன, மீன்கள் எனப் பல துறைகளில் உழைத்தவர். இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் செர்ரி பார்ப் என்ற செம்மீனை 1929இலும், மல்புலுத்தா என்ற அரிய மீனை 1937இலும் விவரித்தவரும் அவரே.

தெரணியகல தம் மீனுக்குச் சூட்டிய பேரினப் பெயர் லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்ததன்று. சிங்கள ஊர்வழக்கிலிருந்து வந்தது. 'தண்டியா' என்பது ஆற்றிலும் குளத்திலும் காணப்படும் ராஸ்போரா வகை மீனுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். 1844இலேயே அச்சொல் ஒரு மீனின் அறிவியல் பெயருக்குள் புகுந்துவிட்டது. 'ஹொர' என்பது கள்ளத்தனத்தையும் போலித்தன்மையையும் ஒருசேரக் குறிக்கும் சொல். தமிழிலும் 'கள்ள' என்பதற்கு இந்த இரட்டைப் பொருள் உண்டல்லவா? கள்ளன் வேறு, கள்ளக்காசு வேறு, சொல் ஒன்றே. ஆகவே ஹொரதண்டியாவைக் 'கள்ளத் தண்டியா' என்று நாம் தமிழாக்கிக்கொண்டால் பொருள் அதிகம் சிதையாது. இந்திய மீனியலின் மூத்த அறிஞர் சுந்தர்லால் ஹோராவின் பெயரோடு இதற்கு எவ்வித உறவும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். எழுத்தொற்றுமை அந்த மயக்கத்துக்கு இடம் தருகிறது.

கள்ளத் தண்டியா தன் பெயருக்கு ஏற்பவே நடந்துகொண்டது. பாக் நீரிணைக்கு இப்பால், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அப்பால், வேம்பநாட்டுக் காயலில் பாதிராமணல் என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஆலப்புழை மாவட்டத்தில் முகம்மாவுக்கு எதிரே உள்ளது. 'நள்ளிரவு மணல்' என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கே. ரேமாதேவியும் ஏ.ஜி.கே. மேனனும் அத்தீவிலிருந்து கிடைத்த சிறு மீன்களை ஆராய்ந்து, அவை ஹொரதண்டியாவே என்று 1992இல் அறிவித்தார்கள். இலங்கை மீனிலிருந்து சிற்சில வகையில் வேறுபட்டதால் அதைத் துணையினமாகக் கொண்டு, ராஸ்போரா மீன்களை 1954இல் விரிவாக ஆராய்ந்து நூலெழுதிய மார்ட்டின் பிரிட்டனின் நினைவாக 'பிரிட்டனி' என்று பெயரிட்டார்கள். இலங்கைக்கு மட்டுமே சொந்தம் என்றிருந்த ஒரு பேரினம், அன்றோடு இரு கரைகளுக்கும் பொதுவாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வேம்பநாட்டுக் காயல் யாரும் கால் வைக்காத கானகம் அன்று. அதன் வடமுனையில் இருக்கும் கொச்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் பணியாற்றினார். கொச்சி நாட்டைப் பற்றி 1863இல் ஒரு நூல் எழுதினார். மலபார் மீன்களைப் பற்றி 1865இல் இன்னொன்று எழுதினார். 1875க்கும் 1878க்கும் இடையே இந்தியா, பர்மா, இலங்கை மீன்கள் அனைத்தையும் தொகுத்து, இன்றும் மீனியலார் புரட்டிக்கொண்டிருக்கும் பெருநூலை வெளியிட்டார். அத்தனை மீன்களுக்கு நடுவே இந்த மீன் தனி இனமாக இடம்பெறவில்லை. வாழ்நாளெல்லாம் மீன் தேடிய ஒருவரின் வாசற்படிக்கு அருகிலேயே அது இத்தனை காலம் எப்படி மறைந்திருந்தது?

விடை அதன் உடலளவிலேயே இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உணவுக்காகப் பின்னப்படும் வலையின் கண்ணில் இரண்டு சென்டிமீட்டர் மீன் தங்குவதில்லை. தங்கினாலும் சந்தைக்கு வருவதில்லை. சந்தையையும் மீனவரையும் நம்பிச் சேகரிப்பவர் கைக்கு அது எட்டாது. எட்டினாலும், 'ஏதோ ஒன்றின் குஞ்சு' என்று ஒதுக்கப்படவே வாய்ப்பு அதிகம். வயலோர வாய்க்காலில் குனிந்து கூடையால் வாரும் பெண்களும் சிறுவர்களும் இதை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். அவர்கள் கண்டதை எழுதி வைக்க அங்கே ஏடு இல்லை. குட்டநாட்டு வயல்களில் உழைத்தோரின் வாழ்வையே இலக்கியம் கண்டுகொள்ளத் தகழியின் 'ரண்டிடங்கழி' வெளியான 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வயலின் வாய்க்கால் மீன் அதற்கும் பின்னே நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்ததில் வியப்பென்ன?

*

மீன் எப்படி இரு கரைகளிலும் இருக்க நேர்ந்தது என்பது அடுத்த கேள்வி. உப்பைத் தாங்காத நன்னீர் மீன்களுக்குக் கடல் ஒரு சுவர் என்று ஜார்ஜ் மையர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்துக் காட்டினார். கெண்டையின் உறவினர்கள் அந்த வகுப்பில் முதன்மையானவர்கள்; ஹொரதண்டியாவும் அக்குலத்ததே. இத்தகைய மீனொன்று கடலின் இருபுறமும் காணப்பட்டால், அங்கே முன்பு கடல் இல்லை என்பது ஒரு விடை. மனிதன் கொண்டுபோய் விட்டிருப்பான் என்பது மற்றொரு விடை.

முதல் விடைக்கு நல்ல ஆதாரம் உண்டு. பாக் நீரிணை மிக ஆழமற்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, உலகெங்கும் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கை தீவாக இல்லை. தென்னிந்தியாவின் தொடர்ச்சியாக இருந்தது. அதற்கு முந்தைய பனியூழிகளிலும் இந்நிலம் பலமுறை வெளிப்பட்டு மறைந்திருக்கிறது. புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றின் பெயரைத் தன் பெயரில் தாங்கி, 1831இல் விவரிக்கப்பட்ட 'குபானஸ்' என்ற சிறு மீன் இன்றும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்றுபோலக் காணப்படுகிறது. நிலத்தொடர்பு இருந்த காலத்தின் நினைவை இத்தகைய மீன்களிடம் காண்கிறோம்.

ஆனால் பாலம் இருந்தது என்பதாலேயே எல்லாரும் அதில் நடந்தார்கள் என்று ஆகாது. பிராங்கி போசூயிட்டும் அவரது கூட்டாளிகளும் 2004இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் தவளை, நண்டு, இறால், மீன் முதலான பல குழுக்களை ஒப்பிட்டது. நிலம் மீண்டும் மீண்டும் இணைந்திருந்தும் அவ்வுயிர்கள் பெரிதும் கலக்கவில்லை, ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே கிளைத்து வளர்ந்திருக்கின்றன என்பது அதன் முடிவு. ஹொரதண்டியாவின் பரவலும் இந்தப் புதிரைத்தான் முன்வைக்கிறது. அது வாழ்வது இலங்கையின் ஈரமான தென்மேற்கிலும் கேரளத்தின் ஈரமான கரையிலும். பாலமோ வறண்ட வட இலங்கையையும் வறண்ட தென்கிழக்குத் தமிழகத்தையும் இணைத்தது. நிலம் வெளிப்பட்ட காலங்களில் எப்போதோ ஒருமுறை சதுப்புகளின் சங்கிலி இவ்விரு கரைகளையும் தொட்டிருக்க வேண்டும் என்பது நமது ஊகம். அது பழங்காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பதற்கு மீனே சாட்சி. 2013இல் இலங்கை ஆய்வாளர்கள் பதுவித முதலானோர் இரு கரை மீன்களையும் மறுபடி ஒப்பிட்டு, கேரளத்து மீனைத் துணையினம் என்ற நிலையிலிருந்து தனி இனமாகவே உயர்த்தினார்கள். நேற்று யாரோ குடத்தில் கொண்டுவந்து விட்ட மீன் இன்று வேறு இனமாகியிருக்க முடியாது.

எனினும் இங்கே அவசரம் கூடாது. அதே 2013 ஆய்வு, ஹொரதண்டியாவின் உறவுப் பேரினமான ராஸ்போராய்டிஸில் 'ரோஹானி' என்றொரு புதிய இனத்தையும் விவரித்தது. ஐந்தாண்டுக்குப் பின், 2018இல், சுதசிங்க, பெத்தியாகொட, மீகஸ்கும்புர முதலானோர் மரபணுக்களைப் படித்தபோது அது தனி இனமன்று, 1958இல் தெரணியகல விவரித்த 'பாலிடஸ்' மீனே என்று தெரியவந்தது. மனிதர்கள் ஓர் ஆற்றிலிருந்து மீனை எடுத்து இன்னோர் ஆற்றில் விட்டதை எங்கும் பதியாமல் போனதே குழப்பத்தின் வேர் என்றும் அவர்கள் காட்டினார்கள். ஆக, எல்லைக்கு அப்பால் கிடைக்கும் மீன் பல்லாயிரம் ஆண்டுப் பழமையின் எச்சமாகவும் இருக்கலாம், ஒரு மாலைநேரத்து நற்செயலின் விளைவாகவும் இருக்கலாம். இரண்டையும் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது எளிதன்று.

இது அறிஞர்களின் பெயர்ச் சண்டை மட்டும்தானே என்று தோன்றக்கூடும். அவ்வாறில்லை. பாதிராமணலின் மீன் இலங்கை மீனேயானால், ஒரு கரையில் அழிந்தாலும் மறுகரையில் எஞ்சியிருக்கும் என்று ஆறுதல் கொள்ளலாம். தனி இனமானால், கேரளத்து வாய்க்கால்களில் அது அற்றுப்போகும் நாளில் உலகிலிருந்தே அற்றுப்போகும். கொண்டுவந்து விடப்பட்டதானால், அதைக் காக்க நியாயமே இல்லை என்று ஒருவர் வாதிடலாம். ஒரு பெயரைத் திருத்துவதற்குள் இத்தனை தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன.

*

வேம்பநாடு 2002இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்கக் கேரளம் 2008இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆயினும் பெருநீர்ப் பரப்புக்குக் கிடைக்கும் மதிப்பு வாய்க்காலுக்குக் கிடைப்பதில்லை. காயலை யாரும் ஒரே நாளில் தூர்த்துவிட முடியாது. வீட்டோரக் குட்டையை ஒரு லாரி மண் போதும். உப்புநீரைத் தடுக்கக் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணை காயலின் நீரோட்டத்தை மாற்றிவிட்டது. ஆகாயத்தாமரை பல இடங்களில் நீரின் முகத்தையே மூடிவிட்டது. கொழும்பைச் சுற்றிய சதுப்புகளின் கதையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. நகரம் விரியும்போது முதலில் மேடாவது தாழ்நிலமே.

மருதத்தைப் பாடிய நம் பழம்புலவர்கள் வாளையையும் வராலையும் கெண்டையையும் மட்டும் பாடவில்லை. பழனத்துச் சிறுமீனாகிய அயிரைக்கும் இடம் கொடுத்தார்கள். சிறியதைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. மறந்துவிட்டோம், அவ்வளவே. பெயர் தெரியாத மீன் அழியும்போது இழப்புக் கணக்கில் ஒரு வரிகூடக் கூடுவதில்லை. 1992க்கு முன் பாதிராமணலின் கரையைத் தூர்த்திருந்தால், அங்கே ஒரு மீன் இருந்ததென்றே எவருக்கும் தெரிந்திராது. வரைபடமும் தவறென்று ஆகியிருக்காது. 'இலங்கைக்கு மட்டுமே உரியது' என்ற வாக்கியம் இன்றும் பாடநூல்களில் எவ்வித உறுத்தலுமின்றி நின்றிருக்கும்.

இரு கரைகளுக்கும் இடையே, நிழலிடப்படாத பரப்பில், இன்னும் எத்தனையோ ஏரிகளும் கழிமுகங்களும் வயல்வாய்க்கால்களும் இருக்கின்றன. அவற்றில் கள்ளத் தண்டியா இல்லை என்று சொல்லும் உரிமை, கண் சிறுத்த வலையோடு குனிந்து பார்த்தவருக்கு மட்டுமே உண்டு.