ஒன்பது கேள்விகளும் ஒரு வீட்டு வாசலும்: கேரள உள்ளாட்சித் திட்டமிடலின் வளர்ச்சி

முன்னுரை

முதுமை, வறுமை, பிள்ளைகள் வெளிநாடு சென்றதால் வந்த தனிமை ஆகிய மூன்றையும் அரசு தனித்தனித் துறைகளில் வைத்துப் பார்க்கிறது. வீட்டிலோ மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்க்கக் கேரளம் எவ்வாறு கற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திட்டமிடும் எல்லை சுருங்கச் சுருங்கப் பார்வை விரிந்தது என்பதே இதன் வாதம்.

ஆலப்புழையின் அளவுகோல்

1990களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரில் ஏழைக் குடும்பங்களை இனங்காண வருமானக் கணக்கு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஒன்பது கேள்விகள் வந்தன. வீடு உறுதியற்றதா, கழிப்பறை உண்டா, நல்ல குடிநீர் கிடைக்கிறதா, இரண்டு வேளைக்கு மேல் உணவு உண்டா, சம்பாதிப்பவர் ஒருவர்தானா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா, குடிக்கு அடிமையானவர் உண்டா என்பன அவற்றுள் சில. நான்கு குறைகள் இருந்தால் அது ஏழைக் குடும்பம். கேட்டவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். அவர்களிடம் பொய் சொல்வது எளிதல்ல. சமூகம், மக்கள்தொகை, பொருளாதாரம் மூன்றும் ஒரே தாளில் இடம்பெற்றது இங்கேதான்.

மக்கள் திட்டம்

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்குச் சட்ட அடித்தளம் தந்தது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் பணத்தையும் தந்தது: மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று முடிவாயிற்று. கிராம சபையில் குறைகள் பேசப்பட்டன. ஊராட்சிதோறும் வளர்ச்சி அறிக்கை எழுதப்பட்டது. கருத்தரங்குகளும் பணிக்குழுக்களும் அந்தக் குறைகளுக்குத் திட்டங்கள் வகுத்தன. மதிப்பீடுகளைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற பொறியாளர்கள் தன்னார்வமாக முன்வந்தனர். முதியோர் ஊருக்குப் பாரமல்லர், மூலதனம் என்பதற்கு இது முதற்சான்று. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் வறுமை ஒழிப்பு இயக்கம், அயல்கூட்டம் (பக்கத்து வீட்டுப் பெண்களின் குழு), வார்டு, ஊராட்சி என்ற மூன்றடுக்கில் ஆலப்புழை அனுபவத்தை மாநிலமெங்கும் கொண்டுசென்றது.

முதுமை வந்த வேளை

கேரளத்தின் கருவள விகிதம் 1980களின் இறுதியிலேயே, ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ள மட்டுமே போதுமான அளவுக்கு இறங்கியிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு, இந்திய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். பத்தனம்திட்டை, இடுக்கி மாவட்டங்களில் மக்கள்தொகையே குறைந்தது. வளைகுடா சென்ற பிள்ளைகள் அனுப்பிய பணம் வீடு கட்டித் தந்தது. படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போட ஆள் தரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது அண்டை அயலார் வலையமைப்பு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி, மலப்புறத்தில் ஊர்மக்கள் நன்கொடையாலும் தன்னார்வலர்களாலும் வேரூன்றியது. 2008இல் மாநிலம் அதைக் கொள்கையாக ஏற்க, ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக வீட்டுப் பராமரிப்பை நடத்துவது ஊராட்சியின் பொறுப்பாயிற்று. செவிலியர் வீடு தேடி வந்து புண்ணைக் கழுவுகிறார். உடன் வரும் தன்னார்வலர் அரிசி இருக்கிறதா, மகன் தொலைபேசியில் பேசினானா என்று கேட்கிறார். மருந்தும் வறுமையும் தனிமையும் அந்த ஒரு வருகையிலேயே கவனிக்கப்படுகின்றன.

முடிவுரை

மாநிலத்திலிருந்து ஊராட்சிக்கும், ஊராட்சியிலிருந்து வீட்டு வாசலுக்கும் திட்டமிடல் இறங்கியதன் வரலாறு இது. ஆனால் இந்தப் பராமரிப்புச் சுமையில் பெரும்பங்கு பெண்களின் தோளில் ஏறியிருக்கிறது. அன்று கேள்வித்தாளோடு படியேறிய பெண்களே இன்று முதுமையை எட்டுகிறார்கள். அவர்களது பராமரிப்பு உழைப்பைச் சேவை என்று புகழ்ந்தால் போதாது. அதற்கு ஊதியம் ஒதுக்கி வளர்ச்சித் திட்டத்தில் எழுத வேண்டும். இனி பத்தாவது கேள்வி ஒன்று தேவை: பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?