ஒரு இலை, ஒரு கயிறு, 44 கிலோ துவக்கு

1681 இல் லண்டனில் றொபேர்ட் நொக்ஸின் புத்தகம் வெளிவந்தது. கண்டி அரசனிடம் அகப்பட்டு, கிட்டத்தட்ட 20 வருடம் இந்தத் தீவில் கிடந்து, கடைசியில் தப்பிப்போன ஆங்கிலேயர் அவர். அந்தப் புத்தகத்தில் வேடர்களைப் பற்றி ஒரு சின்னப் பகுதி வரும். காட்டில் இருக்கும் வேடருக்கு அம்பு தேவைப்பட்டால், இரவோடு இரவாக வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டுவிட்டுப் போவார்களாம். பக்கத்தில் ஒரு இலையும் தொங்கும். தங்களுக்கு அம்பு எந்த வடிவத்தில் வேண்டுமோ அந்த வடிவத்தில் வெட்டின இலை. கொல்லன் அதைப் பார்த்துச் செய்து அதே இடத்தில் வைத்தால், பிறகும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால், ஒருநாள் இருட்டுக்குள் இருந்து அம்பு வரும்.

நொக்ஸ் இதை ஒரு புதினமாகத்தான் எழுதினார். ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசிச்சால், வேட்டைச் சாமான் தெரிவு செய்வது பற்றி இந்தத் தீவில் எழுதப்பட்ட பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. வேடருக்கு இரும்பு உருக்கத் தெரியாது. ஆனால் எந்த அகலம், எந்த நீளம், எந்த வளைவு வேலை செய்யும் எண்டு தெரியும். அந்த அறிவு முழுக்க ஒரு இலைக்குள் அடங்கியிருக்கிறது.

வேட்டை வரலாறு எண்டால் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது யார் எத்தனை யானை சுட்டார் எண்ட கணக்கு. நான் இங்கே எண்ணிக்கையை விட்டு, சாமானைப் பார்க்கப்போறன். என்ன கொண்டுபோனார்கள், அதை எப்படிப் பரீட்சித்தார்கள், யார் சுமந்தார்கள்? இந்த மூன்று கேள்வியும், விலங்கிடம் மனுசர் என்ன எதிர்பார்த்தார்கள் எண்டதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கயிறு

ஆனையிறவு எண்ட பேரை நாங்கள் போர்ச் செய்திகளில் கேட்டே பழகிவிட்டோம். அந்தப் பேருக்குள் ஒரு பழைய வியாபாரம் இருக்கிறது. வன்னிக் காட்டில் பிடிச்ச யானைகளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த வழி அது. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் 'கயிற்ஸ்' எண்டு பேர் வந்ததுகூட, போர்த்துக்கேயர் அதை 'யானைத் துறை' எண்டு அழைத்ததால்தான் எண்டு சொல்லுவினம். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யானை ஒரு ஏற்றுமதிப் பொருள். இந்தியாவில் இருந்து வாங்க ஆட்கள் வருவார்கள். செத்த யானையை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் சாமானும் அதற்கேற்றதுதான்: கயிறு.

இந்த வேலையில் பேர்போனவர்கள் பணிக்கர்கள். வடக்கிலும் கிழக்கிலும் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த, பரம்பரையாக யானை பிடிக்கும் ஆட்கள். 1859 இல் வெளிவந்த தன்னுடைய 'சிலோன்' நூலில் எமர்சன் ரெனன்ற் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ரெனன்ற் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். துவக்கு வேட்டைக்காரர்களோடு பழகினவர். அப்படிப்பட்டவரையே வியக்க வைத்தது பணிக்கர்களுடைய சாமான் பட்டியல்தான். ஏனெண்டால் அதில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: மரைத்தோலிலோ எருமைத்தோலிலோ திரித்த, வளைந்து கொடுக்கும் ஒரு கயிறு.

இரண்டு பேர் போவார்கள். சத்தமில்லாமல் யானைக்குப் பின்னால் ஊர்ந்து போய், அது பின்னங்காலைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுருக்கைப் போடவேண்டும். மற்றவர் கயிற்றின் மறுமுனையை மரத்தில் சுற்றுவார். யானை திரும்பிப் பாய்ந்தால், ஒருவர் முன்னுக்குப் போய்ச் சத்தம் போட்டு அதன் கவனத்தைத் தன் பக்கம் இழுப்பார். அதற்குள் மற்றவர் அடுத்த காலைக் கட்டிவிடுவார்.

ஏன் தோல்? தோல்கயிறு திடீர் இழுவையைத் தாங்கும், மரத்தில் இறுகப் பிடிக்கும். இங்கே பரீட்சை எப்படி நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கயிறு அறுந்தால், அதைத் திரிச்ச ஆள்தான் யானைக்குப் பக்கத்தில் நிற்கிறார். செய்தவரும் சுமந்தவரும் ஆபத்தை ஏற்றவரும் ஒரே ஆள். இதை நான் புகழ்ந்து பாடவில்லை. கால் கட்டப்பட்ட யானை பட்ட பாடு சின்னப் பாடில்லை. ஆனால் அந்தச் சாமானின் நோக்கம் யானை உயிரோடு இருக்கவேண்டும் எண்டது.

துவக்கு

பிரித்தானியர் காலத்தில் கணக்கு மாறியது. 1830களிலும் 40களிலும் மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. யானை வியாபாரத்தின் பெறுமதி குறைந்துகொண்டே போனது. தோட்டத்துக்குள்ளும் வயலுக்குள்ளும் வரும் யானை ஒரு தொல்லை ஆனது. அரசாங்கம் தலைக்குச் சில சில்லிங் எண்டு சன்மானம் கொடுக்கத் தொடங்கியது. ரெனன்ற் தரும் கணக்குப்படி, 1848 க்கு முந்தைய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. அந்தக் காலத்து வட மாகாணம் இண்டைக்கு உள்ளதைவிடப் பெரியது, அனுராதபுரப் பக்கமும் அதற்குள்தான் இருந்தது. பிறகு 1851 இலிருந்து 1856 வரை, காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் 2,000 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டது.

உயிரோடு வேண்டாம் எண்டு ஆனபிறகு, கயிற்றுக்கு என்ன வேலை?

இந்த இடத்தில்தான் சாமுவேல் பேக்கர் வருகிறார். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போன எல்லாரும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்தப் பேக்கர்தான். 1848 இலிருந்து 1855 வரை நுவரெலியாவில் ஒரு ஆங்கிலக் கிராமத்தை உருவாக்கப் பாடுபட்டவர். அதோடு, சாமான் பைத்தியம் பிடித்த வேட்டைக்காரர்.

அவர் இலங்கைக்கு வந்த நேரம், இங்கே பேரெடுத்த யானை வேட்டைக்காரர்கள் பாவித்தது உட்புறம் வழுவழுப்பான குழல் உள்ள 16 ஆம் இலக்கத் துவக்கு. இலக்கம் எண்டால் என்ன? ஒரு இறாத்தல் ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் எண்ட எண்ணிக்கை. 16 ஆம் இலக்கக் குண்டு ஒன்று சுமார் 28 கிராம். இரண்டு மடங்கு மருந்து போட்டு, கடினமாக்கிய ஈயக் குண்டை வைத்து, மிகக் கிட்டப் போய்ச் சுடுவார்கள். மேஜர் றொஜர்ஸ் எண்டவர் 1,400 க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுவது இந்தக் காலத்தில்தான். அவர் 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையிலும் மின்னல் விழுந்தது எண்டு ஒரு கதை இண்டைக்கும் உலாவுகிறது.

பேக்கர் இந்த முறையை ஏற்றுக்கொள்ளவில்லை. 1840 இல், 20 வயதுகூட நிறையாத நேரத்தில், தானே திட்டம் போட்டு பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் எண்ட துவக்குக் கம்மாளரிடம் ஒரு றைபிள் செய்வித்தவர் அவர். 36 அங்குலக் குழல். அதற்குள் சுருளாக ஓடும் இரண்டு தவாளிப்பு. அந்தத் தவாளிப்பில் பொருந்துவதற்காகக் குண்டைச் சுற்றி ஒரு பட்டி. நிறை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. ஒரு வெடிக்கு ஒரு அவுன்ஸ் கருமருந்து.

ஏன் இவ்வளவு பாரம்? பாரமான குண்டை நிறைய மருந்தால் தள்ளினால் துவக்கு பின்னுக்கு உதைக்கும். துவக்கு எவ்வளவு பாரமோ அவ்வளவுக்கு உதை குறையும். குண்டு ஏன் பெரிதாக இருக்கவேண்டும்? யானையின் நெற்றி எலும்பு தேன்கூடு மாதிரி, உள்ளே காற்றறைகள் நிறைந்தது. மூளை அதற்குப் பின்னால், உள்ளுக்கு இருக்கிறது. மென்மையான ஈயம் எலும்பில் பட்டதும் தட்டையாகிவிடும். அதனால்தான் ஈயத்தோடு வேறு உலோகம் கலந்து கடினமாக்கினார்கள். ஒவ்வொரு அளவும் இப்படிச் சுட்டுச் சுட்டு, விழுந்ததையும் விழாததையும் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது. பரீட்சைக்கூடம் எண்டு தனியாக ஒன்று இருக்கவில்லை. இலங்கைக் காடுதான் பரீட்சைக்கூடம். விழுந்த யானை எண்ணப்பட்டது. காயத்தோடு காட்டுக்குள் போனது எந்தப் பட்டியலிலும் இல்லை.

1850களின் தொடக்கத்தில் எழுதிய வேட்டை நூலில் பேக்கர் தன்னுடைய துவக்குகளைப் பட்டியல் போடுகிறார். 21 இறாத்தல் றைபிள் ஒன்று. 16 இறாத்தலில் இன்னொன்று. 10 ஆம் இலக்க இரட்டைக்குழல் றைபிள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். வழுவழுப்புக் குழல் துவக்குகளை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. கூட்டிப் பாருங்கோ: 97 இறாத்தல், 44 கிலோ. மருந்து, ஈயம், கூடாரம், சாப்பாடு எல்லாம் இதற்கு வெளியே.

மரை வேட்டைக்குத் துவக்கு இல்லை. நாய்களை ஏவி மரையை ஓடவைத்து, கடைசியில் கத்தியால் குத்துவது. அந்தக் கத்திக்கும் அளவு சொல்லியிருக்கிறார்: லண்டன் பிக்கடிலியில் பஜற் எண்டவர் செய்தது, ஒரு அடி நீள அலகு, இரண்டு அங்குல அகலம், மூன்று இறாத்தல் நிறை.

சுமந்தவர்கள்

பட்டியலை வாசிக்கும்போது ஒரு கேள்வி வரவேண்டும். ஒரு மனுசனுக்கு இரண்டு கை. ஆறு துவக்கு எதற்கு?

அது வாய்வழியாக மருந்து போடும் காலம். மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து, பிறகு வெடிமூடியைப் பொருத்தவேண்டும். யானை பாய்ந்து வரும்போது இதெல்லாம் நடக்காது. அதனால் முன்கூட்டியே நிரப்பிய துவக்குகளோடு பின்னால் ஆட்கள் நிற்கவேண்டும். வெடித்ததைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கவேண்டும். பின்னால் நிற்கும் ஆள் பயந்து ஓடினால், பிறிஸ்ரலில் செய்த துவக்கும் அவரோடு சேர்ந்து ஓடிவிடும். கையில் இருப்பது வெறும் இரும்பு.

ஆக, அந்த 44 கிலோ முழுவதும் வேலை செய்தது துவக்குக் காவியின் நெஞ்சுரத்தில்தான். தடம் பார்த்தவர்களும் உள்ளூர் ஆட்கள்தான். பேக்கருக்குக் காட்டில் வழிகாட்டினவர்களில் முஸ்லிம் தடம்பார்ப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் தோல்கயிற்றால் யானை பிடிப்பதையும் அவர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால், பழைய அறிவு எங்கேயும் போய்விடவில்லை. புதிய துவக்குக்கு முன்னால் நடந்து வழி காட்டியது அதுதான். ஆனால் அந்தக் காலத்து வேட்டை நூல்களில் துவக்குச் செய்தவரின் பேரும் தெருவும் இருக்கும். துவக்குச் சுமந்தவர் பெரும்பாலும் பேரில்லாமல் 'கூலி' எண்ட ஒரு சொல்லோடு முடிந்துவிடுவார். அதே வருடங்களில்தான் தமிழ்நாட்டில் இருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காட்டில் அவர்களுக்கு என்ன சாமான் இருந்தது எண்டு பட்டியல் போட ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு

சுட்டுத் தீர்த்தவர்களின் அடுத்த தலைமுறைக்கு ஒரு பயம் பிடித்தது: இனிச் சுட ஒண்டும் மிஞ்சாதோ? 1894 இல் வேட்டைக்காரர்களும் தோட்டத்துரைமாரும் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாங்கள் இண்டைக்குச் சஃபாரி போகும் யாலவின் ஒரு பகுதி, ஒரு காலத்தில் வேட்டைக்காரருக்கெண்டே ஒதுக்கப்பட்ட நிலம். 1937 இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938 இல் யால தேசியப் பூங்கா ஆனது. பேக்கர் வேட்டையாடிய ஹோர்ட்டன் சமவெளியில் இண்டைக்கு மரை நிற்கும், யானை இல்லை.

இத்தோடு கதை முடியவில்லை. வன்னியிலும் அனுராதபுரப் பக்கத்திலும் கட்டுத்துவக்கு இப்பவும் கட்டப்படுகிறது. ஒரு கம்பி தடக்கினால் வெடிக்கும், பன்றிக்கு எண்டு கட்டினது விறகுக்குப் போனவரின் காலைக் கொண்டுபோகும். 'ஹக்க பட்டாஸ்' எண்ட வெடியைப் பூசணிக்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ ஒளித்து வைப்பார்கள். யானைக்குட்டி கடித்தால் வாய் சிதறும். சாப்பிட முடியாமல் கிடந்து, பல நாள் கழித்துச் சாகும்.

பணிக்கர் யானையின் காலடியில் நின்றார். பேக்கர் கொஞ்சத் தூரத்தில், பின்னால் ஆட்களை நிறுத்திவிட்டு நின்றார். இந்த வெடியை வைத்தவர் அந்த இடத்திலேயே இல்லை. சுமக்க ஆளும் தேவையில்லை, துணிவும் தேவையில்லை. செலவும் கொஞ்சம். பயிரை இழந்த விவசாயியின் கோபத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஒரு இரவில் ஒரு போகம் போய்விடும், நட்டஈடு எப்ப வரும் எண்டு ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சாமான் எதிர்பார்ப்பது யானையின் சாவைக்கூட இல்லை. அது கண்ணுக்கு முன்னால் இருக்கக்கூடாது எண்டதை மட்டும்தான்.

ட்ரிப் போக முதல் நாங்கள் சப்பாத்து, கூடாரம், டோர்ச் எண்டு பட்டியல் போடுவம். வரலாற்று நூல்களில் அப்படி ஒரு பட்டியலைக் கண்டால் அதைத் தாண்டிப் போகாதேங்கோ. பேக்கரின் 44 கிலோ யாருடைய தோளில் இருந்தது எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. எங்கட ஆட்களின் வரலாறு பல நேரம் அந்தத் தோளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.