விண்ணில் மலிந்த கண்கள்

செய்மதி என்பது நெடுங்காலம் வல்லரசுகளின் உடைமையாகவே கருதப்பட்டு வந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் 84 கிலோகிராம் நிறையே உடையதாயினும், அதனை விண்ணேற்ற ஒரு பேரரசின் வளம் வேண்டியிருந்தது. பின்வந்த செய்மதிகள் பருத்தன. அவற்றின் விலையும் பருத்தது. இந்நிலை மாறுதற்கு ஒரு பல்கலைக்கழகம் வழிகோலியமை மாணவர் உலகம் மகிழ்தற்குரியது. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தார், கடைகளிற் கிடைக்கும் மின்னணு உறுப்புகளைக் கொண்டு அமைத்த சிறு செய்மதி 1981இல் விண் சென்றது. 1985இல் அம்முயற்சி வணிக நிறுவனமாக உருப்பெற்றது.

1999இல் அமெரிக்கப் பேராசிரியர்களான ஜோர்டி புயிக்-சுவாரி, பொப் டுவிக்ஸ் ஆகிய இருவரும் 10 சென்ரிமீற்றர் கனசதுரத்தைச் செய்மதிக்குரிய அலகாக வகுத்தனர். அளவு ஒன்றாயின் ஏவும் பெட்டியும் ஒன்றாகும். பெட்டி ஒன்றாயின், பெரிய செய்மதியின் அருகே எஞ்சும் இடத்தைக் கூறுபோட்டு விற்கலாம். சிறு செய்மதிச் சந்தை விரிந்தமைக்கு இவ்வெளிய கணக்கே அடிப்படை எனலாம்.

அவ்விடத்தை விற்றோருள் அயல்நாடாகிய இந்தியாவும் ஒன்று. 1999 மே மாதத்தில் கொரிய, ஜேர்மனியச் செய்மதிகள் இரண்டைக் கட்டணத்துக்குச் சுமந்த பி.எஸ்.எல்.வி. ஏவுகலம், 2017 பெப்ரவரி 15இல் 104 செய்மதிகளை ஒருங்கே கொண்டுசென்றது. அவற்றுள் 88, பிளனெற் என்னும் ஒரே அமெரிக்க நிறுவனத்துக்குரியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிலோகிராம். அந்நிறுவனம் விற்பது செய்மதியன்று. நாள்தோறும் எடுக்கப்படும் நிலப்படங்களையே அது விற்கிறது.

இலங்கையும் இவ்வரிசையிற் சேர்ந்தது. யப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் அமைத்த இராவணா-1, 2019 யூன் 17இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன் நிறை ஒரு கிலோகிராமுக்குச் சற்றே மேல். எல்ல நீர்வீழ்ச்சியால் பதுளை மாவட்டத்தார்க்குப் பழகிய பெயரே இது.

இடர்முன்னறிதல் இச்சந்தையார் உரைக்கும் பயன்களுள் ஒன்று. ஐப்பசியில் மலையை மேகம் மூடினால் சாதாரண ஒளிப்படக் கருவி பயன்படாது என்பது மெய்யே. அக்குறையை நீக்கும் ராடர் கருவியையும் 100 கிலோகிராமுக்குட்பட்ட செய்மதியில் அடக்கிவிட்டது பின்லாந்தின் ஐசை நிறுவனம். அச்செய்மதி 2018 சனவரியில் பி.எஸ்.எல்.வி. மூலமே ஏவப்பட்டது.

ஆயின் 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியபோது குறைவாயிருந்தது கண் அன்று. அச்சரிவு அபாயமுடையது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தனர். மக்களை அகலுமாறும் கூறியிருந்தனர். எங்கே அகல்வது? லயன் அறை தோட்டத்துக்குரியது; அதில் வாழ்ந்த தொழிலாளிக்குச் சொந்த நிலம் ஒரு பேர்ச்சும் இல்லை. வேலை நீங்கிச் சென்றால் கூலியும் இல்லை. இந்நிலையில் எச்சரிக்கை பெற்றும் மக்கள் அகலவில்லை என்று அவர்கள்மேற் குற்றஞ் சுமத்துவது பொருந்தாது. புதையுண்டோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை.

தப்பியோர்க்குப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இலாகும். அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் 2023 மார்ச்சில் மலை மீண்டும் சரிந்தபோதும் மண்ணுக்குள்ளானவை லயன்களே.