34 சதவீதத்தில் செத்துப்போகும் போன்: ஒரு சின்ன வரலாறு

செமஸ்டர் முடிந்து மூன்று நாள் ஆகிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

முதலில் சுயபுராணம். போன வருடக் கடைசியில் என் போனுக்கு ஒரு விநோத வியாதி வந்தது. 34 சதவீதம் சார்ஜ் காட்டும். கேமராவைத் திறந்தால் பட்டென்று அணைந்துவிடும். பட்டனை அழுத்தினால் லோகோ வந்து மறுபடி அணையும். சார்ஜரில் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வந்து, அதே 34ஐக் காட்டும். ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்க க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணப் போனேன். அணைந்துவிட்டது. பின்னால் பத்துப் பேர் வரிசையில். நண்பன் ஒருவன் கொடுத்துக் காப்பாற்றினான். (அந்த 70 ரூபாயை இன்னும் அவனுக்குத் திருப்பித் தரவில்லை. இதைப் படிப்பான், தெரியும் :-))

ஒரு பெரிய சர்வீஸ் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். போனை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு. சரி பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம், இ.எம்.ஐ. இருக்கு" என்றார்கள். வீட்டில் சொன்னேன். அப்பா "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

கடைசி முயற்சியாகத் தெருமுனையில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார்ஜர் சொருகியிருக்கும்போது ஆஃப் ஆகுதா தம்பி?" ஆகாது என்றேன். "அப்ப பேட்டரிதான்." 950 ரூபாய், அரை மணி நேரம். நாலு மாதம் ஆகிறது, போன் ஒருமுறைகூட அணையவில்லை.

அந்த ஒரு கேள்வி ஏன் பெரிய கடையில் வரவில்லை என்று யோசிக்க ஆரம்பித்துத்தான் இந்த வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். உலகத்திலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்று இதே கேள்வியில் மாட்டி, கோடிக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறது.

தொட்டியும் குழாயும்

முதலில் 34 சதவீதத்தில் ஏன் சாகிறது என்று புரிய வேண்டும். நான் காமர்ஸ் மாணவன், அதனால் எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பாதி நிறைந்திருக்கிறது. ஆனால் கீழே வரும் குழாயில் பல வருடமாக உப்பு படிந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு குழாயை மட்டும் திறந்தால் வித்தியாசம் தெரியாது. குளியலறை, சமையலறை, வாஷிங் மெஷின் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வரும்.

பேட்டரியும் அப்படித்தான். போனில் தெரியும் சதவீதம் தொட்டியின் மட்டம். குழாயின் நிலைமையை அது சொல்லாது. பேட்டரிக்கு வயதாக ஆக அதன் உள்மின்தடை கூடுகிறது. குளிரிலும் கூடும். கேமரா, கேம்ஸ் என்று திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால், மற்ற பாகங்களைக் காப்பாற்ற போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. சார்ஜர் சொருகினால் வெளியிலிருந்தும் மின்சாரம் வருவதால் அந்த இறக்கம் பெரும்பாலும் தெரிவதில்லை. அண்ணன் கேட்ட கேள்வியின் அர்த்தம் இதுதான்.

இந்த லித்தியம் அயன் பேட்டரியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991ல். இதற்கு அடித்தளம் போட்ட விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் இந்தப் பேட்டரி தேயாமல் இருக்க யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. தேய்வது அதன் குணம்.

2007: பின்மூடியைக் கழற்றிய காலம்

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது இது. அப்பாவிடம் கேட்டால் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். 2007 ஆகஸ்ட் மாதம் நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மட்சுஷிதா என்ற ஜப்பான் நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்துக் கொடுத்த பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம், வேண்டுமானால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. எண்ணிக்கை கொஞ்சநஞ்சமில்லை, 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள்.

அப்போது நம் ஊரில் எல்லார் கையிலும் நோக்கியாதான். டீக்கடையில், ஆபீஸில், பஸ்ஸில் எல்லாரும் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். பேட்டரியின் பின்னால் இருக்கும் 26 எழுத்து எண்ணைக் கொடுத்தால் நம் பேட்டரி மாற்ற வேண்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும். நோக்கியாவுக்கு அது மானக்கேடுதான். ஆனால் விஷயத்தை வெளியே சொன்னது. மக்களால் தங்கள் விரல் நகத்தாலேயே சோதித்துப் பார்க்கவும் முடிந்தது.

அதே 2007ல், ஜூன் 29ம் தேதி, அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதில் பின்மூடியைக் கழற்ற முடியாது. பேட்டரி உள்ளே மூடப்பட்டிருந்தது. போகப் போக கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. போன் மெலிதானது, அழகானது. ஆனால் தேயும் பொருள் நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அதன் நிலைமை என்ன என்பது தயாரித்தவருக்கு மட்டுமே தெரியும் என்று ஆனது.

2016: சீனாவிலிருந்து ஒரு கடிதம்

2016 நவம்பரில் சீன நுகர்வோர் சங்கம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. ஐபோன் 6, 6எஸ் போன்கள் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போதே அணைகின்றன, சார்ஜரில் போட்டால்தான் எழுகின்றன என்று புகார்கள் குவிந்திருந்தன. என் போனின் அதே வியாதி!

ஆப்பிள் முதலில் சொன்ன பதில், 2015 செப்டம்பர், அக்டோபரில் தயாரான கொஞ்சம் 6எஸ் போன்களில் மட்டும் பிரச்சினை என்பது. பேட்டரியின் ஒரு பாகம், பேக்கில் சேர்க்கும் முன் இருக்க வேண்டியதைவிட அதிக நேரம் காற்றில் இருந்துவிட்டதாம். அவற்றுக்கு இலவச மாற்று அறிவித்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத போன்களும் அணைந்துகொண்டிருந்தன.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த போன்களின் பேட்டரி, 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. தினமும் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருடம்கூட இல்லை. ஐபோன் 6 கடைக்கு வந்தது 2014 செப்டம்பரில். 2016 கடைசியில் பல போன்களின் குழாய் அடைத்திருக்கும்தானே?

2017: சொல்லாமல் செய்த வைத்தியம்

2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 வந்தது. வந்தபோது இருந்த குறிப்பில் பிழைதிருத்தம், பாதுகாப்பு என்று வழக்கமான வார்த்தைகள். அடுத்த மாதம் ஆப்பிள் பத்திரிகைகளிடம், இந்த அப்டேட்டால் திடீர் அணைப்பு 6எஸ்ஸில் 80 சதவீதத்துக்கு மேலும், 6ல் 70 சதவீதத்துக்கு மேலும் குறைந்துவிட்டது என்றது. எல்லாருக்கும் சந்தோஷம். எப்படிக் குறைந்தது? அதற்கு விலை என்ன? அதைச் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு சாதாரணப் பயனர் தன் 6எஸ்ஸின் பேட்டரியை மாற்றினார். போன் திடீரென வேகமானது. வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியில் முன்பு 1466 வந்த மதிப்பெண், மாற்றிய பிறகு 2526. இதை ரெடிட்டில் எழுதினார். கீக்பெஞ்சை உருவாக்கிய ப்ரைமேட் லேப்ஸின் ஜான் பூல், தன்னிடம் இருந்த அளவீடுகளை எடுத்து டிசம்பர் 18ல் வரைபடமாகப் போட்டார். 10.2.1க்கு முன் 6எஸ் போன்கள் பெரும்பாலும் ஒரே வேகத்தில் இருந்தன. அதற்குப் பிறகு மெதுவான போன்கள் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து தெரிந்தன.

இரண்டே நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த போன்களில், ஒரே நேரத்தில் எல்லாக் குழாயையும் திறக்கவிடாமல் அந்த அப்டேட் தடுக்கிறது. அதனால்தான் போன் அணையவில்லை. அதனால்தான் மெதுவாகவும் ஆனது.

என்னைக் கேட்டால் அந்த வைத்தியம் தப்பில்லை. ராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது போன் சாவதைவிட மெதுவாக இருப்பது மேல். தப்பு எங்கே என்றால், நோயாளியிடம் நோயைச் சொல்லாததில். போன் மெதுவாகிறது என்றால் யாருமே பேட்டரியைச் சந்தேகப்பட மாட்டார்கள். "போன் பழசாயிடுச்சு" என்றுதான் நினைப்பார்கள், புதுசு வாங்கப் போவார்கள். 79 டாலர் பேட்டரியில் முடிந்திருக்க வேண்டியது பல நூறு டாலர் போனில் முடியும். வேண்டுமென்றே புது போன் விற்கத்தான் இப்படிச் செய்தார்கள் என்று பலர் சொன்னார்கள், ஆப்பிள் மறுத்தது. அந்த நோக்கம் இருந்ததோ இல்லையோ, வாங்குபவருக்கு நஷ்டம் ஒன்றுதான்.

பில்

2017 டிசம்பர் 28ல் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் விலையை 2018 முழுக்க 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3ல் பேட்டரி ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கம் வந்தது. வேகக் கட்டுப்பாட்டை நாமே நிறுத்தவும் முடிந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2019 ஜனவரி 2ல் டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டின் வருமானம் 89 முதல் 93 பில்லியன் டாலர் என்று சொல்லியிருந்தோம், 84 பில்லியன்தான் வரும் என்றார். முக்கியக் காரணம் சீனாவில் விற்பனைச் சரிவு. ஆனால் காரணங்களின் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: மலிவு விலையில் பேட்டரியை மாற்றிக்கொண்டு சிலர் புது ஐபோன் வாங்கவில்லை! உண்மையைச் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நிறுவனத்தின் தலைவரே கொடுத்த சாட்சி இது.

அபராதங்களும் வந்தன. இத்தாலி 2018ல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ விதித்தது. பழைய போன்களைத் தளரவைத்த வேறொரு அப்டேட்டுக்காக சாம்சங்குக்கும் 50 லட்சம் யூரோ. பிரான்ஸ் 2020 பிப்ரவரியில் 2.5 கோடி யூரோ. அங்கே குற்றச்சாட்டு, போனை மெதுவாக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விட்டது. அமெரிக்காவில் 2020ல் பயனர்கள் வழக்கு 50 கோடி டாலர் வரையிலான சமரசத்தில் முடிந்தது, தப்பை ஒப்புக்கொள்ளாமலே. 2024 ஜனவரியில் ஒரு கோரிக்கைக்குச் சுமார் 92 டாலர் என்று பணம் வந்து சேர்ந்தது.

நம் பாடத்தில் ஜார்ஜ் அகெர்லாஃப் வருவாரே, 2001ல் பொருளாதார நோபல் வாங்கியவர். பழைய கார் சந்தையை வைத்து 1970ல் அவர் எழுதியது இதைத்தான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப்போகும். தேர்வுக்காக மனப்பாடம் பண்ணியபோது எனக்கு ஏறவில்லை. அப்பா "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டபோதுதான் ஏறியது.

இனி கொஞ்சம் நல்ல செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ம் வருடச் சட்டம், சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வரும் தேதி 2027 பிப்ரவரி 18, சில விலக்குகளோடு. 2007ல் போன பின்மூடி முழுதாகத் திரும்பாவிட்டாலும் பாதியாவது திரும்பும் என்று நம்புவோம்.

உங்கள் போன் அணைந்தால்

முதலில் படங்களையும் நோட்ஸையும் வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். பிறகு பாருங்கள். சார்ஜர் இல்லாதபோது மட்டும், கேமரா அல்லது கேம் திறக்கும்போது அணைகிறதா? பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம் இருந்தால் பாருங்கள். சார்ஜரில் இருக்கும்போதும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறதா? அப்டேட், நிறைந்துபோன மெமரி, புதிதாகப் போட்ட செயலி என்று தேடுங்கள். ஆண்ட்ராய்டில் சேஃப் மோடில் போட்டு அங்கே ஒழுங்காக ஓடினால் ஏதோ ஒரு செயலிதான் காரணம். இவை எதுவும் இல்லை என்றால்தான் போர்டு. திரை மேலே தூக்கிக்கொண்டு பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். சார்ஜ் போடாமல் நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

யாராவது "புதுசே வாங்கிடலாம்" என்றால், பணம் எடுக்கும் முன் அந்த அண்ணனின் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

பி.கு.: மெஸ் காசு 70 ரூபாயைத் திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்டா.